‘எனக்கு ஏலாது’ என்பது அடக்கமா?

உயர்தர வகுப்பில் நாம் படிக்கும் பொது ஆங்கிலம், பல்கலைக்கழக அனுமதிக்குப் புள்ளி சேர்க்காத பாடம். அதனால் அதை நம்மில் பலர் ஓரமாக வைத்துவிடுகிறோம். ஆனாலும் புள்ளி சேர்க்கும் பாடங்கள் சொல்லித் தராத ஒன்றைச் சில வேளைகளில் அந்த ஓரத்துப் பாடம் சொல்லித் தந்துவிடுகிறது. இந்த வருடம் எமக்கு அப்படிக் கிடைத்த சொல் ‘டிஃபிடன்ட்’.

அது ஒரு பெயரடை. ஒருவரின் குணத்தை அல்லது நடத்தையைச் சொல்வது. இதற்குத் தமிழில் என்ன என்று ஆசிரியை கேட்டபோது வகுப்பிலிருந்து மூன்று விடைகள் வந்தன. ஒருத்தி ‘அடக்கமான’ என்றாள். இன்னொருத்தி ‘கூச்ச சுபாவமுள்ள’ என்றாள். மூன்றாமவள் ‘தன்னம்பிக்கை குறைந்த’ என்றாள். ஆசிரியை மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, “இதில் எது பாராட்டு, எது குறை?” என்று கேட்டார். ஒருவராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது விடைதான் சரி. அகராதியைப் பார்த்தால் முடிந்துவிடும் விடயம் அது. ஆனால் ஒரே சொல்லுக்கு ஒரு பாராட்டையும் ஒரு குறையையும் பொருளாக நாம் ஏன் சொன்னோம் என்பது அகராதியில் இல்லை. நமது வீடுகளிலும் வகுப்பறைகளிலும் பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டும் ஒன்றாகவே கலந்துபோயிருக்கின்றன. அந்தக் கலப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லின் வேரைப் பார்ப்போம். லத்தீன் மொழியில் ‘ஃபீதெரே’ என்றால் நம்புதல். அதனோடு ‘முழுமையாக’ என்ற கருத்தைத் தரும் முன்னொட்டுச் சேர்ந்து பிறந்ததே ‘கொன்ஃபிடன்ட்’. ‘விலக்கி’ என்ற கருத்தைத் தரும் முன்னொட்டுச் சேர்ந்து பிறந்தது ‘டிஃபிடன்ட்’. இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒன்று நம்பிக்கை நிறைந்தது, மற்றது நம்பிக்கை விலகியது.

யார் மீதான நம்பிக்கை விலகியது என்பதுதான் இங்கே சுவையான கேள்வி. இன்று இந்தச் சொல் தன் மீதே நம்பிக்கை இல்லாதவரைக் குறிக்கிறது. முன்பு அது பிறர் மீது நம்பிக்கை இல்லாதவரைக் குறித்தது. ஆங்கில மெய்யியலாளர் தோமஸ் ஹொப்ஸ் 1651 இல் வெளியிட்ட ‘லெவியதான்’ என்ற நூலில் மனிதருக்குள் சண்டை மூளுவதற்கு மூன்று காரணங்களைக் கூறுகிறார். போட்டி ஒன்று, புகழாசை ஒன்று. மற்றக் காரணத்துக்கு அவர் இட்ட பெயர் ‘டிஃபிடன்ஸ்’. ஒருவரை ஒருவர் நம்பாமையையே அவர் அப்படிச் சொன்னார். காலம் செல்லச் செல்ல அந்தப் பழைய பொருள் வழக்கொழிந்தது. வெளியே பார்த்துக் கொண்டிருந்த சந்தேகம் உள்ளே திரும்பி, சொல்லை வைத்திருப்பவரையே சந்தேகிக்கத் தொடங்கியது. இந்தப் பயணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமது ஊர்களைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

அடுத்ததாக, இந்தச் சொல்லோடு மாறிப்போகும் சொற்கள். ‘டிஃபரன்ட்’ என்றால் வேறுபட்ட. ‘இன்டிஃபரன்ட்’ என்றால் அக்கறையற்ற. காதுக்கு மூன்றும் அக்கா தங்கைமார் போல ஒலிக்கின்றன. ஆனால் ‘டிஃபிடன்ட்’ அவற்றுக்கு உறவே இல்லை. பரீட்சைத் தாளில் இவற்றை மாற்றி எழுதினால் ஒரு புள்ளிதான் போகும். வாழ்க்கையில் மாற்றிப் படித்தால் ஒரு பிள்ளையே போய்விடும். வகுப்பில் கையை உயர்த்தாத மாணவியைப் பார்த்து ‘இவளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை’ என்று முடிவு கட்டுகிறோம். அவளுக்கு அக்கறை நிறையவே இருக்கலாம். தன் விடை சரியாக இருக்குமா என்ற ஐயமே அவளது கையைக் கீழே பிடித்து வைத்திருக்கலாம். அக்கறையில்லாதவளுக்குக் கண்டிப்பு மருந்தாகலாம். தன்னை ஐயுறுகின்றவளுக்கு அதே கண்டிப்பு நோயை வளர்க்கும்.

பொருளில் நெருங்கிய சொற்களையும் பிரித்தறிய வேண்டும். ‘ஷை’ என்பது ஆட்களுக்கு முன்னால் வரும் கூச்சம். புதிய விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளியும் சிறு பிள்ளை ‘ஷை’. அந்தப் பிள்ளைக்குத் தன் திறமையைப் பற்றி எந்த ஐயமும் இல்லை. ‘டிமிட்’ என்பது பயந்த சுபாவம். அதிலே அச்சம் முன்னுக்கு நிற்கிறது. ‘மொடஸ்ட்’ என்பது அடக்கம். தன் தகுதியை அறிந்தும் அதைப் பறைசாற்றாமல் இருப்பது. ‘டிஃபிடன்ட்’ இவை எதுவும் அன்று. தன் தகுதியையே நம்பாமல் பின்வாங்குவது அது.

பயன்பாட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. இந்தச் சொல் ஒருவரின் பொதுவான இயல்பைச் சொல்லவும் வரும். புன்னகைக்கும் குரலுக்கும் அடைமொழியாகவும் வரும். ஆனால் மிகப் பல இடங்களில் இதன் பின்னால் ‘எபவுட்’ என்ற சிறு சொல் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதாவது ‘இன்ன விடயத்தில்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மேடையில் பேசுவது பற்றி, கணக்குச் செய்வது பற்றி, ஆங்கிலத்தில் வாய் திறப்பது பற்றி என்று. நாமோ ‘அவள் கூச்ச சுபாவம்’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். சுபாவம் என்று சொன்ன பிறகு மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? ‘எந்த விடயத்தில்?’ என்று கேட்டால்தான் வழி பிறக்கும். ஒரு விடயத்தில் தயங்குகின்றவள் இன்னொன்றில் துணிந்தவளாக இருப்பாள்.

தமிழிலே இதற்குச் சொல் இல்லையா? அடக்கம், நாணம், கூச்சம், தயக்கம், அவையச்சம் என்று எத்தனையோ இருக்கின்றன. சொற்களுக்குப் பஞ்சமில்லை, பிரித்துப் பயன்படுத்துவதில்தான் பஞ்சம். திருக்குறளில் ‘அடக்கமுடைமை’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ‘நாணுடைமை’ என்று இன்னொன்று இருக்கிறது. அதே நூலில் ‘அவையஞ்சாமை’ என்றும் ஓர் அதிகாரம் இருக்கிறது. கற்றதைச் சபையில் அஞ்சாமல் சொல்லத் தெரியாதவரின் கல்வியால் என்ன பயன் என்பது அதன் சாரம். அடக்கமும் அவையஞ்சாமையும் ஒன்றுக்கொன்று பகை என்று வள்ளுவர் நினைத்திருந்தால் இரண்டையும் ஒரே நூலில் வைத்திருக்க மாட்டார்.

அகராதிச் சொற்களை விடச் சரியாக இந்த மனநிலையைச் சொல்லும் சொல் ஒன்று நமது பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. ‘எனக்கு ஏலாது’. முயன்று பார்த்துவிட்டு வரும் ‘ஏலாது’ வேறு. அது அனுபவம். முயல்வதற்கு முன்னரே வாயிலிருந்து விழும் ‘ஏலாது’தான் ‘டிஃபிடன்ட்’. அடக்கமுள்ளவள் ‘ஏலுமானதைச் செய்யிறன்’ என்பாள். இரண்டு வாக்கியங்களும் மெல்லிய குரலில்தான் சொல்லப்படும். கேட்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒன்றின் முடிவில் ஒரு வேலை நடந்திருக்கும், மற்றதன் முடிவில் ஒன்றும் நடந்திருக்காது.

நாம் முஸ்லிம் பெண் பிள்ளைகள். ‘ஹயா’ என்னும் நாணம் ஈமானின் ஒரு பகுதி என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்கிறோம். அதை யாரும் விட்டுவிடச் சொல்ல முடியாது. ஆனால் நாணம் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் மார்க்கமே காட்டித் தருகிறது. மதீனாவின் அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை நம்மில் பலர் அறிவோம். மார்க்கத்தை விளங்கிக்கொள்வதற்கு நாணம் அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை என்பதே அந்தப் பாராட்டு. அவர்கள் நாணமில்லாதவர்கள் என்று யாரும் சொன்னதில்லை. நாணத்தையும் வைத்துக்கொண்டு கேள்வியும் கேட்டார்கள்.

ஸூரா தாஹாவில் மூஸா (அலை) அவர்களின் துஆவை ஓதுகிறோம். பிர்அவ்னிடம் போகும்படி கட்டளை வந்தபோது, நெஞ்சை விரிவாக்கித் தரும்படியும் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடும்படியும் தம் சகோதரர் ஹாரூனைத் துணையாகத் தரும்படியும் அவர்கள் வேண்டினார்கள். நபிமார்களை இந்த ஆங்கிலச் சொல்லால் குறிப்பது என் எண்ணமன்று. அந்தத் துஆவிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடத்தையே சொல்கிறேன். அவர்கள் ‘என்னால் முடியாது’ என்று திரும்பிவிடவில்லை. எது குறை என்று சொன்னார்கள், எது தேவை என்று கேட்டார்கள், பிறகு போனார்கள். குறையைச் சொல்லி உதவி கேட்பது பலவீனமன்று.

இனி நமது ஊருக்கு வருவோம். நான் ஊர்காவற்றுறையிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிறவள். கரம்பன், வேலணை, அல்லைப்பிட்டி என்று வந்து, பண்ணைக் கடலின் நடுவே போகும் வீதியைக் கடந்தால்தான் யாழ்ப்பாணம். நிலத்தால் இணைந்த பிறகும் ‘தீவார்’ என்ற சொல் இன்னும் இணையாமலேயே கிடக்கிறது. ஒரு பிள்ளை எதையாவது தெரியாமல் கேட்டால், ‘தீவிலயிருந்துதானே வாறா’ என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சொல்கின்றவருக்கு அது பகிடி. கேட்கின்ற பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்க மாட்டாள்.

சென்ற வருடம் ஒரு விடுமுறை நாளில் நயினாதீவுக்குப் போவதற்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நாங்கள் படகில் ஏறி அமர்ந்திருந்தோம். நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் போகிறவர்களால் அந்தத் துறை எப்போதும் நிறைந்திருக்கும். வெளிநாட்டுப் பயணிகள் இருவர், கரையில் நின்ற என் வயதுப் பிள்ளைகள் சிலரிடம், திரும்பி வரக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கேள்வி விளங்கியது, விடையும் தெரியும். ஆனால் ‘நீ சொல்லு’, ‘நீ சொல்லு’ என்று ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்தார்களே தவிர ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் பனங்கிழங்கு விற்றுக் கொண்டிருந்த ஆச்சிதான் ‘லாஸ்ட் போட்’ என்று சொல்லி, விரல்களை விரித்து மணியைக் காட்டினார். பயணிகள் நன்றி சொல்லிப் போனார்கள். ஆச்சிக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவற்றில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. இலக்கணம் பிழைத்தால் யாரும் சிரிப்பார்களே என்ற கவலையும் ஆச்சிக்கு இருக்கவில்லை. அந்தக் கவலையைப் பிள்ளைகள் எங்கே கற்றார்கள்?

இது தீவுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய நோயன்று. தெற்கிலே சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடுவ என்றால் வாள். தெரிந்தவன் தெரியாதவனை வெட்டுவதற்குப் பயன்படுத்தும் ஆயுதம் என்ற பொருளில் பல்கலைக்கழகங்களில் புழங்கிய சொல் அது. மொழியியல் அறிஞர் திரு கந்தையா இதைப் பற்றி 1984 இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். 2009 ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அரசு அறிவித்தபோது, ஆங்கிலத்தை நமது முறையில் பேசுவோம் என்ற பிரசாரமும் நடந்தது. வாளின் கூரை மழுக்கினால்தான் பிள்ளைகள் தொடுவார்கள் என்பதை அரசும் உணர்ந்திருந்தது என்பதற்கு அது அடையாளம்.

நமக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தச் சொல்லை விளக்க என்னால் முடியாது.

1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கின் 5 மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் 70,000 பேருக்கும் அதிகமானோர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30 ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் 2 மணித்தியாலம். சோனகத்தெருவில் பிறந்த என் உம்மாவுக்கு அப்போது 9 வயது. தீவகத்தின் தமிழ்க் குடும்பங்களில் பலவும் போரினால் தம் வீடுகளை விட்டு ஓடிய காலம் அது. ஹொப்ஸ் எழுதிய பழைய பொருளில் எல்லோரும் ‘டிஃபிடன்ட்’ ஆக இருந்த காலம். அயலவரை அயலவர் நம்பவில்லை.

உம்மா புத்தளத்தில் படித்தார். வகுப்பில் எழுந்து வாசித்தால் அவருடைய யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்களாம். ‘அகதிப் புள்ள’ என்பதுதான் இடாப்பில் இல்லாத அவருடைய பெயர். போர் முடிந்த பின்னர் குடும்பமாகத் திரும்பி வந்தோம். இங்கே அவருடைய பேச்சில் புத்தளம் வாடை அடிக்கிறது என்று சிரித்தார்கள். போன இடத்தில் யாழ்ப்பாணத்தார், வந்த இடத்தில் புத்தளத்தார். இரண்டு இடத்திலும் பாதுகாப்பான வழி பேசாமல் இருப்பதுதான் என்று ஒரு பிள்ளை கண்டுகொண்டால் அது யாருடைய சுபாவம்?

இன்று வாப்பாவின் கடைக் கணக்கு முழுவதும் உம்மாவின் கையில்தான். கடன் கொப்பியைத் திறக்காமலே யார் எவ்வளவு தரவேண்டும் என்று சொல்வார். ஆனால் ஒரு படிவத்தைக் கண்டால், “எனக்கு ஏலாது, நீங்களே எழுதுங்க” என்று வாப்பாவிடம் பேனையை நீட்டிவிடுவார். பெற்றார் கூட்டத்துக்கு வந்தால் கடைசி வரிசையில் இருந்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்புவார். அயலவர்கள் அவரை ‘அடக்கமான பெண்’ என்று பாராட்டுகிறார்கள். அவருடைய அடக்கத்தை நானும் அறிவேன், அது உண்மை. ஆனால் படிவத்தைக் கண்டு பின்வாங்குவது அந்த அடக்கமன்று. அது பிறர் சிரித்த சிரிப்பு உள்ளே போய்த் தங்கியதன் விளைவு. மற்றவர்கள் நம்மை நம்பாமல் இருந்தார்கள், பிறகு நாமே நம்மை நம்பாமல் போனோம். ஆங்கிலச் சொல் நூற்றாண்டுகளாக நடந்த வழியை ஒரு பெண் இருபது வருடத்தில் நடந்து முடித்துவிட்டார்.

ஆகவே தன்னம்பிக்கை இல்லாமையைத் தனியாள் ஒருவரின் குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. தன்னை நம்புவதைப் பிள்ளை முதலில் பிறரிடமிருந்துதான் கற்கிறது. யாராவது ஒருவர் நம்மை நம்பிய பிறகுதான் நாம் நம்மை நம்பத் தொடங்குகிறோம். நமது சமூகத்தின் பெரியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். அவர் தாம் உயர்ந்ததோடு நிற்காமல், வறிய முஸ்லிம் மாணவர்களுக்கான புலமைப்பரிசில் நிதியை 1945 இல் தொடங்கினார். ஒரு புலமைப்பரிசில் பணம் மட்டும் தருவதில்லை. ‘உன்னால் முடியும் என்று நாங்கள் நம்புகிறோம்’ என்ற செய்தியையும் அது கொண்டு போகிறது.

சிலர் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்கலாம். தயக்கம் முழுவதும் கெட்டதா? தன்னை அளவுக்கு மீறி நம்புகின்றவர்களால்தானே உலகத்தில் அதிகக் கேடு விளைகிறது? உண்மைதான். ஆங்கிலத்திலும் இந்தச் சொல்லை வசைச் சொல்லாகப் பயன்படுத்துவதில்லை. ஓரளவு இரக்கத்தோடும் சில வேளை விருப்பத்தோடும்தான் பயன்படுத்துகிறார்கள். காந்தியடிகள் இளமையில் சபையில் பேச முடியாதவராக இருந்தார். பம்பாயில் தமது முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்காக எழுந்து, நா எழாமல் உட்கார்ந்து, வழக்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டதைத் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தக் கூச்சமே சொற்களை அளந்து பேசும் பழக்கத்தைத் தந்தது என்றும் சொல்கிறார். 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்து பெருங்கூட்டங்களில் பேசியவரும் அதே காந்திதான். தயக்கத்திலிருந்து அவர் அளவாகப் பேசுவதை எடுத்துக்கொண்டார், பேசாமலிருப்பதை விட்டுவிட்டார். நாம் செய்ய வேண்டியதும் அதுதான்.

இதற்கு நமது தீவகத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. எங்கள் பஸ் தினமும் கடந்து போகும் கரம்பனில் 1913 இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். ஆங்கிலத்தில் கற்று, ரோமாபுரியில் குருத்துவக் கல்வி பெற்று, பல ஐரோப்பிய மொழிகளை அறிந்தவர். நம்மைப் போல ஆங்கிலத்துக்குத் தயங்கவேண்டிய நிலை அவருக்கு இருக்கவில்லை. அவருக்குக் குறைவாக இருந்தது தமிழ். தமிழ்நாட்டில் வடக்கன்குளத்தில் பாடசாலை ஒன்றில் பணியாற்றியபோது தமது தமிழறிவு போதாது என்பதை உணர்ந்தார். படித்த குருவானவர் ஒருவர் ‘எனக்கு ஏலாது’ என்று விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அங்கேயே பண்டிதர் ஒருவரிடம் பாடம் கேட்டார். முப்பது வயதைக் கடந்த பின், 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார்.

அதன் விளைவை உலகம் அறியும். 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாவதற்கும் 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு நடப்பதற்கும் முன்னின்றவர் அவர். 1679 இல் அச்சான பழைய தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் பிரதி ஒன்றை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து மீண்டும் பதிப்பித்தவரும் அவரே. தமிழ் போதாது என்று உணர்ந்த ஒருவர் தமிழ் அகராதி ஒன்றை உலகுக்கு மீட்டுக் கொடுத்தார். ‘போதாது’ என்று உணர்வதும் ‘ஏலாது’ என்று சொல்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ‘போதாது’ நம்மைப் படிக்க அனுப்புகிறது. ‘ஏலாது’ வீட்டிலே இருத்திவிடுகிறது.

பெற்றாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் அமைதியாக இருந்தால் மகிழுங்கள், ஆனால் ஏன் அமைதியாக இருக்கிறாள் என்று ஒரு தடவை கேளுங்கள். சொல்ல ஒன்றும் இல்லாததாலா, சொல்ல வேண்டாம் என்று அவளே தீர்மானித்ததாலா, சொன்னால் சிரிப்பார்கள் என்பதாலா? முதல் இரண்டும் அவளுடைய உரிமை. மூன்றாவது நாம் எல்லோரும் சேர்ந்து தீர்க்க வேண்டிய பிரச்சினை. துணிந்து பேசினால் பெண் பிள்ளை ‘வாய்க்காரி’ ஆகிவிடுவாள் என்று பயப்படாதீர்கள். மரியாதை இல்லாமல் பேசுவதுதான் வாய் காட்டுவது. வைத்தியரிடம் தன் நோயையும், அலுவலகத்தில் தன் தேவையையும், வகுப்பில் தன் சந்தேகத்தையும் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பெண் அடக்கம் கெட்டவள் அல்லள். நாளை நீங்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் அவளைக் காப்பது அந்தத் தெளிவுதான்.

தேர்ச்சி அறிக்கையில் ‘அமைதியான பிள்ளை’ என்று எழுதும் ஆசிரியர்களிடமும் பணிவோடு ஒன்று கேட்கிறேன். அந்த அமைதி எந்தப் பாடத்தில், எந்த வேளையில் என்று பார்த்துச் சொல்லுங்கள். ‘எபவுட்’ என்ற அந்தச் சிறு சொல்லை எங்களுக்காகவும் பயன்படுத்துங்கள். ஒரு பிள்ளைக்கு எதில் தயக்கம் என்று தெரிந்தால், பத்துப் பேருக்கு முன்னால் பேசச் சொல்வதற்கு முன் இரண்டு பேருக்கு முன்னால் பேசச் சொல்லலாம்.

தோழிகளே, நமக்குள்ள பங்குதான் பெரியது. ஏனென்றால் சிரிப்பவர்களில் அதிகமானோர் நாம்தான். நெடுந்தீவிலிருந்து வந்தவள் ஒரு சொல்லை வேறு விதமாக உச்சரித்தாலும், புத்தளத்தில் வளர்ந்தவள் ‘என்ன புள்ள’ என்று கேட்டாலும், ஆங்கிலத்தில் ஒருத்தி இறந்தகாலத்தை நிகழ்காலமாகச் சொன்னாலும், அந்த ஒரு கணம் சிரிக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. அதற்குப் பணமும் வேண்டாம், புலமைப்பரிசிலும் வேண்டாம். ஒருத்தி முடிக்கும் வரை காத்திருந்தால் போதும்.

அடுத்த பெற்றார் கூட்டத்துக்கு உம்மாவோடு நானும் போகிறேன். அவர் கேட்க விரும்பும் கேள்விகளை இப்போதே ஒரு தாளில் எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுத்து உம்மாவுடையது. இதுவரை மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறார்.